காதுல கை வச்சா

இல்லை சார், மடியிலேயே இருக்கட்டும். பதினெட்டுக் கிலோ இருக்கும், பரவாயில்லை. கீழ வச்சா குலுங்கும். குலுங்குனா உள்ள ஈயம் பத்த வச்ச இடம் ஏதாச்சும் விட்டுப்போகும், அப்புறம் அதுக்கு வேற அழணும். ஏற்கெனவே அழுதுக்கிட்டுத்தான் வர்றேன்.

என்ன கேட்டீங்க? சாப்பிட்டேன் சார், மாட்டுத்தாவணியிலயே ரெண்டு பரோட்டா... என்ன? ஓ, ஜன்னலைச் சாத்தவான்னா கேட்டீங்க! சாத்துங்க, சாத்துங்க. இந்த பஸ் இரைச்சல்ல மனுசன் பேசுறது எங்க விளங்குது.

இதுவா? ஆம்ப்ளிபயர் சார். ரேடியோ செட்டு. கல்யாணம், காதுகுத்து, கோயில் பொங்கல், எல்லாத்துக்கும் நம்ம செட்டுத்தான். கூடலிங்கம் சவுண்ட் சர்வீஸ்னு காரியாபட்டி தாண்டி எங்க போயிக் கேட்டாலும் சொல்லுவாங்க. கூடலிங்கம் நான்தான். இருவத்திமூணு வருசம் சார். மைக்கு முன்னாடி எத்தனையோ பேரு பேசிட்டுப் போயிட்டான், பின்னாடி நின்னவன் நான் ஒருத்தன்தான்.

சணல் போட்டுக் கட்டியிருக்கேனேன்னு பாக்குறீங்களா? மூடியில ஸ்க்ரூ நிக்க மாட்டேங்குது சார். தை மாசத்துல இருந்து பதினோரு தடவை கழட்டியிருக்கேன். பதினோரு தடவை கழட்டி மாட்டுனா எந்த ஸ்க்ரூ நிக்கும்? மரை தேஞ்சுபோச்சு.

கோளாறு என்னன்னு கேளுங்க. சத்தம் வருது. வரலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா சத்தத்துல உயிர் இல்லை. போர்வையைப் போத்திக்கிட்டுப் பேசுற மாதிரி. டமடமன்னு கீழ்ச் சத்தம் வருது, மேல்ச் சத்தம் செத்துப்போச்சு. டிரெபிள்னு சொல்லுவோம். ஜால்ரா, சலங்கை, பொம்பளைங்க குரல்ல ஒரு கூர்மை இருக்குமே, அதெல்லாம் காணோம். தை மாசம் ஒரு கல்யாண வீட்டுலதான் முதல்ல கண்டுபிடிச்சேன். நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்துல ஒருத்தர் ஜால்ரா தட்டுறாரு. கை அசையுது, சத்தம் இல்லை. "தவமணி, மைக்கு வயரைப் பாருடா"ன்னேன். தவமணி என் மச்சினன். சம்சாரத்தோட கூடப்பொறந்தவன். செட்டுக்கு மரம் ஏறுறது, வயரு இழுக்கிறது எல்லாம் அவன்தான். பாத்துட்டு வந்து, "நல்லாத்தான் இருக்கு மச்சான்"ங்கிறான். நல்லாத்தான் இருக்காம்! இருவத்திமூணு வருசம் கேட்ட காது எனக்கா, அவனுக்கா?

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிச்சேன். சும்மா பிரிக்கலை சார், முறையாப் பிரிச்சேன். சீரீஸ் பல்புன்னு ஒண்ணு வச்சிருப்போம். கரண்டை நேரா மிஷினுக்கு விடாம, ஒரு பல்பு வழியா விடுறது. உள்ள எங்கயாச்சும் ஷார்ட் இருந்தா பல்பு பளீர்னு எரியும். நல்லா இருந்தா ஒரு தடவை மினுக்கிட்டு மங்கிரும். மத்த இடத்துல வெளிச்சம் வந்தா நல்லதும்பாங்க, எங்களுக்கு இருட்டுனாத்தான் நல்லது. அன்னைக்குப் போட்டேன், மினுக்குச்சு, மங்குச்சு. அதாவது ஷார்ட் இல்லை. மீட்டர் வச்சேன். பிளஸ் பக்கமும் மைனஸ் பக்கமும் வோல்ட் சமமா இருக்கு. ஸ்பீக்கர் முனையில சைபர். விரலை இன்புட்ல வச்சேன், ம்ம்ம்ம்னு ஹம் வந்துச்சு. நல்லாக் கேட்டுச்சு. எல்லாம் சரி. எல்லாம் சரின்னா ஜால்ரா எங்க போச்சு?

கன்டன்சர் பூராத்தையும் மாத்துனேன். டிரெபிள் திருகுற கன்ட்ரோலை மாத்துனேன். அதே போர்வை. சரி, அவுட்புட் டிரான்சிஸ்டர் களைச்சுப்போச்சு போலன்னு எட்டையும் கழட்டிட்டுப் புதுசு வாங்கிப் போட்டேன். அதுல ஒரு கூத்து. டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவுல மெல்லிசா மைக்கா வைக்கணும். அது இல்லைன்னா கரண்டு தகட்டுல பாயும். இத்தனை வருசத்துல ஒரு தடவை மறந்ததில்லை சார், அன்னைக்கு ஒண்ணுக்கு வைக்காம மாட்டிட்டேன். மனசு சரியில்லை. நல்லவேளை சீரீஸ் பல்பு இருந்துச்சு, பளீர்னு எரிஞ்சு என்னைக் காப்பாத்துச்சு. நல்லா இருந்த மிஷினை நானே கெடுக்கப் பாத்தேன்னு தவமணி சிரிக்கிறான். நல்லா இருந்த மிஷினாம்!

இதுல வீட்டுல வேற தொல்லை சார். ஒரு நேரம் பாருங்க, எல்லாப் பொருளும் சேந்து மக்கர் பண்ணும். குக்கர் விசில் வர மாட்டேங்குது. அடுப்பு பக்கத்துலயே உக்காந்திருக்கேன், பருப்பு கருகுற வாடைதான் வருது, விசில் வரலை. கேஸ்கட் மாத்துனேன், மேல வைக்கிற வெயிட்டை மாத்துனேன். ம்ஹும். செல்போன் மணி சரியில்லை. எல்லாம் இப்ப வர்ற சாமான், உழைக்காது. என் சம்சாரத்துகிட்ட சொன்னா, என்னையே ஒரு மாதிரியாப் பாக்குறா.

அவ பேரு பேச்சியம்மா. பேருதான் பேச்சி. ஒரு காலத்துல வாயைத் திறந்தா கம்மாய்க்கரை வரைக்கும் கேக்கும். இப்ப என்னமோ முணுமுணு முணுமுணுன்னு உதட்டுக்குள்ளயே பேசுறா. நிமிந்து பேசுடின்னா மூஞ்சியைத் திருப்பிக்கிறா. இருவத்தாறு வருசம் குடும்பம் நடத்துன பொம்பளை, புருசன்கிட்ட வாய்விட்டுப் பேச என்ன கேடு? எனக்கும் கோவம் வரும்ல? நானும் பேசுறதைக் குறைச்சுக்கிட்டேன்.

இருங்க, விசயத்துக்கு வர்றேன். எங்க ஊருக் கோயில்ல பங்குனிப் பொங்கல்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எங்க தொழில்ல பேச்சு கிடையாது சார், எல்லாம் கைதான். அங்க மேடை, இங்க சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர். நடுவுல ஐநூறு ஜனம். கத்துனாக் கேக்குமா? கையைக் கீழ அமுக்குனா, குறை. விரலைச் சுத்துனா, பாட்டை மாத்து. கழுத்துல விரலை இழுத்தா, மைக்கை நிறுத்து. காதுல கை வச்சா, கேக்கலை, கூட்டு. இது எங்க ஊரு நண்டு சிண்டு வரைக்கும் தெரியும்.

பங்குனிப் பொங்கல்ல மூணாம் நாள் சாயங்காலம் முளைப்பாரி. இந்த வருசம் பேச்சியும் எடுத்தா. ஏழெட்டு வருசமா எடுக்காதவ, இந்த வருசம் நேந்துக்கிட்டா. எதுக்குடி நேந்தேன்னு கேட்டேன். என்னமோ சொன்னா, காதுல விழலை. சரி, சாமி காரியம், ரெண்டாவது தடவை கேக்கக்கூடாதுன்னு விட்டுட்டேன்.

பானையைத் தலையில வச்சுக்கிட்டுப் பொம்பளைங்க வரிசையா வர்றாங்க. வேப்பமரத்துல ஹார்ன் ஸ்பீக்கரைக் கட்டியிருக்கேன். அந்தப் போர்வைச் சத்தத்தை வச்சுக்கிட்டு என் பேரைக் கெடுத்துக்கவா முடியும்? டிரெபிளை முழுசாத் திருகி வச்சிருந்தேன். கும்மிப்பாட்டு எடுத்துக் குடுக்கிற அம்மா மைக்கைக் கையில பிடிச்சுக்கிட்டு ஹார்னுக்கு நேரா வந்துச்சு. அப்படி வந்தா மைக்கு கீய்ங்னு கூவும் சார், அது எனக்குத் தெரியாதா? பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனா கூவலை. நான் நிக்கேன்ல, என் காதால கேட்டுக்கிட்டு நிக்கேன். கூவலை. பாட்டுச் சத்தம் மட்டும்தான் மந்தமாக் கேக்குது.

அப்பப் பாருங்க, ஜனம் பூராக் காதுல கை வைக்கிது.

கேக்கலைங்கிறாங்க. நான் கூட்டினேன். இன்னும் கை வைக்கிறாங்க. சில பேரு ரெண்டு காதுலயும் கை வச்சாங்க. ரொம்பக் கேக்கலை போலன்னு இன்னும் கூட்டினேன். தவமணி மரத்துக்கிட்ட இருந்து ஓடியாறான், கையை ஆட்டுறான், என்ன சைகைன்னே விளங்கலை. அந்த நேரம் பேச்சி ஹார்னுக்கு நேர் கீழ வந்துட்டா. நின்னா. என்னையப் பாத்தா. தலையில இருந்த பானையை விட்டுட்டு, ரெண்டு கையையும் தூக்கிக் காதுல வச்சா.

பானை விழுந்துருச்சு சார்.

முளைப்பாரிப் பானை உடையறதுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. மழை பெய்யாதும்பாங்க, குடும்பம் தழைக்காதும்பாங்க. அந்தப் பயிரு மண்ணுல சிதறிக் கிடக்கு. நான் போய்க் குனிஞ்சு பொறுக்குறேன். ஒருத்தரும் கிட்ட வரலை. பேச்சி அழுகுறா. அழுதுக்கிட்டே என்னமோ சொன்னா. வாயி அசைஞ்சுச்சு.

மைக்கு ஊளையிட்டுச்சாம் சார்! ஊரே சொல்லுது. காது கிழிஞ்சுபோச்சாம், தொட்டில்ல கிடந்த பிள்ளை வீறிட்டுச்சாம், கட்டிக்கிடந்த மாடு கயித்தை அத்துக்கிட்டு ஓடிருச்சாம். மிக்சர்கிட்ட நின்ன எனக்குக் கேக்காத ஊளை இவங்களுக்கு மட்டும் கேட்டுச்சாம். இதுல ஏதோ சதி இருக்குன்னுதான் நினைச்சேன். அருப்புக்கோட்டையில ஒருத்தன் புதுசா செட்டு இறக்கியிருக்கான், நம்ம கோயில் மேல அவனுக்கு ஒரு கண்ணு. அப்புறம் யோசிச்சுப் பாத்தேன், மாடு சதி பண்ணுமா? அப்ப ஆம்ப்ளிபயர்லதான் கோளாறு. என் பக்கம் ஒரு மாதிரியும் ஹார்ன் பக்கம் ஒரு மாதிரியும் சத்தம் குடுக்குது. அப்படியும் ஒரு கோளாறு இருக்கத்தானே செய்யும்?

கோயில் கமிட்டியில கூப்பிட்டுப் பேசினாங்க. வர்ற வெள்ளிக்கிழமை பரிகாரப் பொங்கல். மறுபடி முளைப்பாரி. பேச்சிதான் முன்னாடி எடுத்துட்டு வரணும். "கூடலிங்கம், இத்தனை வருசம் நீ பண்ணுனே, அதுக்காக ஒரு வாய்ப்பு. மிஷினை மதுரையில காட்டிச் சரிபண்ணிட்டு வா. வெள்ளிக்கிழமை ஒரு சின்னக் கூவல் கேட்டாலும், அப்புறம் கோயில் வாசல்ல உன் வயரு ஒண்ணு கிடக்கக்கூடாது"ன்னுட்டாங்க. சத்தமாத்தான் சொன்னாங்க, நல்லாக் கேட்டுச்சு. கோயிலே வேண்டாம்னு சொன்ன செட்டை எவன் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? எனக்கு வேற வேலை தெரியாது சார். மம்பட்டி பிடிச்ச கை இல்லை இது.

இன்னைக்குப் புதன். நாளன்னைக்கு வெள்ளி.

காலையில மதுரைக்குத் தூக்கிட்டு வந்தேன். சிக்கந்தர் பாய்னு பெரிய மெக்கானிக், டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் சந்துக்குள்ள கடை. ரெண்டு தடவை ஏற்கெனவே காட்டியாச்சு, ரெண்டு தடவையும் ஒண்ணுமில்லைன்னு குடுத்துட்டாரு. இன்னைக்கு நான் கடையை விட்டு நகர மாட்டேன்னு ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டேன். "பாய், எனக்கு இதைத் தவிர நாதி இல்லை, எங்கயோ கோளாறு இருக்கு, கண்டுபிடிங்க"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு சார், வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

அவரும் பாவம், பொறுமையா உக்காந்தாரு. ஸ்கோப்புன்னு ஒரு டிவிப்பெட்டி மாதிரி இருக்கும், சத்தத்தைக் கோடாக் காட்டும். ஒரு மிஷின்ல இருந்து சத்தத்தை விட்டு, ஆம்ப்ளிபயர் வழியா ஸ்பீக்கர்ல குடுத்தாரு. முதல்ல கீழ்ச் சத்தம். பூம்னு கேட்டுச்சு, கோடு பெரிசாப் போச்சு. கொஞ்சங்கொஞ்சமா மேல ஏத்துறாரு. கேக்குது, கேக்குது, அப்புறம் நின்னுருச்சு. "இந்தா! இங்கதான் பாய், இங்கதான் கட்டாகுது!"ன்னு நான் குதிச்சேன். எத்தனை மாசமாத் தேடுறேன், கையும் களவுமாப் பிடிச்சாச்சு! பாய் என்னையவே பாக்குறாரு. ஸ்கோப்பைக் காட்டுறாரு. அதுல கோடு அப்படியே இருக்கு சார், முன்னாடி இருந்த உசரத்துக்கு, குறையாம. கடையில சாமான் வாங்க வந்த ரெண்டு பேரு மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு வெளிய போயிட்டாங்க. எதுக்குப் போனாங்கன்னு தெரியலை.

பாய் தன் காதைத் தொட்டாரு. அப்புறம் என்னையக் காட்டினாரு.

கேக்கலை, கூட்டுங்கிறாருன்னு நான் வால்யூமைத் திருகினேன். பட்டுனு கையைத் தட்டிவிட்டு மிஷினை அமத்திட்டாரு. என்னமோ சொன்னாரு, ரோட்டு இரைச்சல்ல விளங்கலை. தோளைத் தட்டிக்குடுத்து, அவரே தூக்கிட்டு வந்து ஆட்டோவுல ஏத்திவிட்டாரு. ஸ்கோப்புலயும் கோளாறு இருக்கும் சார். பழைய ஸ்கோப்பு. இல்லைன்னா சத்தமே வராம கோடு எப்படி வரும்?

இப்ப வெறுங்கையோட போறேன். பேச்சிகிட்ட என்ன சொல்ல?

இந்தாங்க, இதைப் பாருங்க. சட்டைப்பையில இருக்கு. அன்னைக்குப் பானை உடைஞ்சப்ப மண்ணுக்குள்ள கிடந்துச்சு. மஞ்சத்துணியில முடிஞ்சு பானைக் கழுத்துல கட்டியிருந்திருக்கா. உருவம் சார். மாரியம்மன் கோயில்ல விக்கிறது. கண்ணுக்கு நோவுன்னா கண்ணு, காலுக்குன்னா காலு, தகட்டுல செஞ்சு வச்சிருப்பாங்க, வாங்கிப் போடுறதா நேந்துக்கிறது. இது என்ன தெரியுதா? காது. அவளுக்குக் காதுல ஏதோ நோவு சார், என்கிட்ட சொல்லவே இல்லை. அதான் முணுமுணுன்னு பேசுறா. காது சரியில்லாதவங்களுக்குத் தன் குரல் தனக்கே தெரியாதுல்ல? இத்தனை நாள் திட்டிட்டேனேன்னு மனசு கேக்கலை. மருந்துக்கடையில சொல்லிச் சொட்டு மருந்து வாங்கியிருக்கேன். ராத்திரி படுக்கும்போது ரெண்டு சொட்டு. ஆம்ப்ளிபயரைத்தான் சரிபண்ண முடியலை, அவ காதையாச்சும் சரிபண்ணுவோம்.

காரியாபட்டி வந்துருச்சா? அடுத்தது நம்ம விலக்குத்தான். ஊருக்குப் பாதை பிரியுற நல்லாங்குளம் விலக்கு. கண்டக்டர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க சார். முன்னெல்லாம் ஒரு விசில் அடிச்சா வண்டி நிக்கும், ரெண்டு அடிச்சாக் கிளம்பும், கண்ணை மூடிக்கிட்டு வரலாம். இப்ப எந்தக் கண்டக்டரும் விசில் ஊதுறதே இல்லை, கவனிச்சீங்களா? அவங்க பாட்டுக்கு நிறுத்துறாங்க, எடுக்கிறாங்க. காலம் அப்படிப் போச்சு.

சார்.

இருங்க. முன்படியில நிக்கிறாரே கண்டக்டர், அவரு வாயில என்ன? விசில்தானே? கன்னம் உப்புதே. ஊதுறாரா? இப்ப ஊதுறாரா சார்? தலையை ஆட்டாதீங்க, வாயைத் திறந்து சொல்லுங்க. வண்டி கிளம்பிருச்சே. முன் சீட்டுல அந்தம்மா மடியில தூங்கிக்கிட்டிருந்த பிள்ளை திடுக்குன்னு முழிச்சிருச்சே. எதுக்கு முழிச்சுச்சு?

உங்களுக்குக் கேட்டுச்சா?

எல்லாருக்குமா?

எனக்கு ஒண்ணும் கேக்கலை சார்.

குக்கரு... பருப்பு கருகினப்பல்லாம் அவ ஓடியாந்து அமத்துனா. என்னைய ஒரு மாதிரியாப் பாத்தா. கேஸ்கட்டை மாத்துறேன் மாத்துறேன்னு நான்... ஜால்ராக்காரர் தட்டிக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. பாய் தன் காதைத் தொட்டு என்னையக் காட்டினாரு. உனக்குத்தான் கேக்கலைன்னு சொல்லியிருக்காரு. கூட்டுன்னு சொல்லலை.

அப்ப இந்தத் தகடு அவ காதுக்கு இல்லை சார். இது என் காது. என் காதைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு வந்திருக்கா அவ. எதுக்குடி நேந்தேன்னு கேட்டேனே, சொன்னாளே. அவ சொன்னா சார், எனக்குத்தான் விழலை.

ஹார்னுக்குக் கீழ நின்னு என்னையப் பாத்தா. என் பேரைச் சொல்லிக் கத்தியிருப்பா. பானையை விட்டுட்டுக் காதைப் பொத்துனா. நான் என்ன பண்ணேன் தெரியுமா? கூட்டினேன். பானை கீழ விழுந்து உடையுது, அப்பவும் என் கை திருகிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பாவி, நான் கூட்டினேன் சார்.

விலக்கு வந்துருச்சா? எந்திரிக்கிறேன். இதைக் கொஞ்சம் பிடிங்க. கீழ வைங்க, பரவாயில்லை. குலுங்குனாக் குலுங்கட்டும், அதுல ஒரு கோளாறும் இல்லை.

வெள்ளிக்கிழமை மிக்சர்ல தவமணி உக்காரட்டும். செட்டு அவன் பேர்லயே நடக்கட்டும். அதை விடுங்க, அது போகுது. இப்ப வீட்டுக்குப் போறேன், அவ கதவைத் திறப்பா. எப்பயும் போல என்னமோ சொல்லுவா. மன்னிச்சுக்கடின்னு நான் சொல்லிரலாம், அது கஷ்டமில்லை. அதுக்கு அவ என்ன சொல்றான்னு எனக்குக் கேக்கணுமே சார்.